உறையாத பால்

அந்தக் கடைக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் கொட்டாவி வந்தது. அடுத்ததாக எரிச்சல் வந்தது. சுவர் முழுக்கப் பச்சை இலைகளாக வரைந்து, நடுவில் ஒரு பேராசிரியரின் முகத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். முகத்தில் கருணை வழிந்தது. அதற்குக் கீழே, தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில், கொளுத்தும் வெயிலில், பாட்டில்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் உயிரோடு இருப்பதாக லேபிள் சத்தியம் செய்தது. அந்த வெயிலில் நான் உயிரோடு நிற்பதே பெரிய விஷயமாக இருந்தது.

"தம்பி, மூஞ்சியைச் சரி பண்ணு," என்றார் அண்ணி. "வாங்க வந்தவன் மாதிரி நில்லு."

"வாங்க வந்தவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும் அண்ணி. ஏமாறப் போறது தெரிஞ்சே வந்திருக்கோம்ல."

அண்ணி என் அண்ணனின் மனைவி. என் முதலாளியும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகளை விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் அன்றாடப் பிழைப்பு. அதற்கு முன் அவர் ஒரு பால் நிறுவனத்தில், டேங்கரில் வரும் பாலைச் சோதித்து உள்ளே விடலாமா வேண்டாமா என்று சொல்லும் வேலையில் இருந்தார். இரண்டும் ஒரே வேலைதான், மாப்பிள்ளைகளில் தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்பது அவர் அனுபவம்.

இந்த வழக்கு ஒரு தையல்காரப் பெண்மணியால் வந்தது. அவர் கணவர் லாரி மெக்கானிக். ஜாக்கி நழுவி வண்டி இறங்கியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, உள்ளே ஒரு கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, புண் ஆறவில்லை. கம்பியின் மேல் கிருமிகள் குடியேறி, வழுவழுவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக எலும்பு டாக்டர் சொன்னார். போட்ட ஆன்டிபயாடிக் எதற்கும் அவை அசையவில்லை. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த ஒரு மருந்தைப் போடலாம் என்று பரிசோதனைக்கு அனுப்பினால், அந்த மருந்தும் அந்தக் கிருமிகளுக்கு ஏற்கெனவே பழக்கம் என்று பதில் வந்தது.

டாக்டர் தையல்கார அம்மாவின் மேல் பாய்ந்தார். கடையில் கண்ட மாத்திரையை வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டார். பேராசிரியரின் இயற்கைச் சொட்டு மருந்தைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை என்று அவர் அழுதார். ஆஸ்பத்திரியில்தான் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள், அதைக் கண்டுபிடித்துத் தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்று எங்களிடம் வந்தார். அண்ணி நேராக டாக்டரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன்.

"வெளியில கிடைக்காத மருந்தும்மா அது," என்றார் டாக்டர். பல நாள் தூங்காத முகம். "அதை எதிர்க்க இந்தக் கிருமி எங்க போய்க் கத்துக்கிச்சு? வேற எதையெல்லாம் பாத்திருக்கு? அது தெரிஞ்சா கம்பியை உருவிட்டு, அது பாக்காத மருந்தாப் போட்டுக் காலைக் காப்பாத்தப் பாப்பேன். தெரியாம உருவினா விஷம் ரத்தத்துல ஏறிடும். அந்தச் சூதாட்டம் நான் ஆட மாட்டேன். வியாழக்கிழமை காலைல முழங்காலுக்கு மேல எடுத்துருவேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. மெக்கானிக்கின் உடம்புக்குள் போன ஒரே வெளிப்பொருள் இந்தக் கடையின் பாட்டில். ஆகவே நானும் அண்ணியும் இலைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம்.

கோட் போட்ட ஒருவன் மேடையில் ஏறினான். பேராசிரியரின் மருமகன். மாமனாரின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தான். கிருமிகள் தனித்தனியாகத் திரிந்தால் மருந்துக்குச் சாகும், ஒன்றாகச் சேர்ந்து படலம் கட்டிக்கொண்டால் சாகாது என்றான். பல நாள் கழுவாத பூ ஜாடிக்குள் விரலை விட்டால் வழவழவென்று ஒட்டுமே, அதே சமாசாரம்தான் நம் பல்லிலும், புண்ணிலும், உடம்புக்குள் வைத்த கம்பியிலும் என்றான். அதுவரை அவன் சொன்னதெல்லாம் உண்மை. இப்படிப்பட்ட ஆட்கள் முதல் பாதியில் உண்மைதான் பேசுவார்கள், அதற்குச் செலவில்லை.

பிறகு வித்தை ஆரம்பித்தது. சளி பிடித்தது போலிருந்த ஓர் இரும்புத் தகட்டை எடுத்தான். பாட்டிலைக் கவிழ்த்து அதன்மேல் ஊற்றினான். மாமா கண்டுபிடித்த நல்ல கிருமிகள் கெட்ட கிருமிகளின் கோட்டைக்குள் புகுந்து, அவற்றின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்று, சுவரைக் கரைத்துவிடும் என்றான். பூண்டும் தேனும் துணைக்கு இருக்கின்றனவாம். பிறகு வெள்ளைத் துணியால் தகட்டை அழுத்தித் துடைத்தான். தகடு பளபளத்தது. கூட்டம் கைதட்டியது.

அவ்வளவு அழுத்தித் துடைத்தால் என் செருப்புகூடத்தான் பளபளக்கும் என்று அண்ணியின் காதில் சொன்னேன். அவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

ஆன்டிபயாடிக்கே இல்லாத உலகம் மாமாவின் கனவு என்று மருமகன் குரலைத் தழுதழுக்க வைத்தான். இந்தப் பாட்டில்களுக்கெல்லாம் மூலமான தாய்க் கலவையை வீட்டின் பின்னால் ஒரு பூட்டிய அறையில் மாமா ஒருவரே கலக்குகிறாராம், மருமகனான தனக்கே அங்கே அனுமதி இல்லையாம். மாமனாரின் படத்தை விற்றுத் தின்கிற ஒருவன் வேறு எப்படிப் பேசுவான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அந்தக் கோபுரத்திலிருந்தே ஒரு பாட்டிலை உருவி, எல்லோர் முன்னிலும் மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்தான். பாதிக் கூட்டம் அங்கேயே வாங்கிவிட்டது. நம் மக்களுக்கு ஒருவன் கோட் போட்டிருந்தால் போதும், அவன் கொடுப்பது சாக்கடைத் தண்ணியாக இருந்தாலும் ஒரு பாட்டில் கூடக் கேட்பார்கள்.

அண்ணியும் ஒன்று வாங்கினார்.

அன்று சாயங்காலம் அவர் சமையலறையில் இரண்டு டம்ளர் எடுத்து, காய்ச்சி ஆறிய பாலை இரண்டிலும் ஊற்றி, இரண்டிலும் ஒரு ஸ்பூன் தயிரை உறை விட்டார். ஒன்றில் மட்டும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கலந்தார். இதெல்லாம் என்ன துப்பறிதல், கைரேகை பூதக்கண்ணாடி எதுவும் கிடையாதா என்று கேட்டேன். காலையில் பார்க்கலாம் என்று தட்டால் மூடிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் நாங்கள் பார்ப்பதற்கு முன்னால் என் அண்ணன் பார்த்துவிட்டார். நான் போனபோது அவர் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் பாலே இல்லை, மேடையில் ரெண்டு டம்ளர் இருந்தது, ஒன்று தயிராகிவிட்டது, இன்னொன்று பாலாகவே இருந்ததால் அதில் காபி போட்டுக்கொண்டேன் என்றார். சாட்சியைக் குடித்துவிட்ட முதல் ஆள் என் குடும்பத்திலேயே இருந்தார்.

அண்ணி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்த டம்ளர் பாலா இருந்தது?" என்று கேட்டார். அண்ணன் காட்டியது, பாட்டில் மருந்து கலந்த டம்ளர்.

"அண்ணி, அதுல நல்ல கிருமி இருக்குன்னாங்க. அப்ப அதுதானே சீக்கிரம் உறையணும்?"

"உறையணும். எல்லாம் செத்த கிருமின்னு வெச்சுக்கோ, அப்பவும் நான் விட்ட உறைக்கு உறைஞ்சிருக்கும். வெறும் தண்ணியா இருந்தாலும் உறைஞ்சிருக்கும்." அவர் காலி டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "உறையவே இல்லைன்னா, என் தயிரை எதுவோ கொன்னுருக்கு."

பால் நிறுவனத்தில் மாதத்துக்கு ஒரு முறையாவது இது நடக்குமாம். எங்கேயோ ஒரு மாட்டுக்குக் காய்ச்சல் என்று ஊசி போட்டிருப்பார்கள், அந்த மாட்டின் பால் மற்ற பாலோடு கலந்து வந்தால் மொத்தத் தயிரும் உறையாமல் நிற்கும். உறையாத பாலைக் கண்டால் அங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆன்டிபயாடிக் என்று சொல்லி டேங்கரைத் திருப்பி அனுப்புவார்கள்.

கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற ஏதாவது பொடியாகவும் இருக்கலாமே என்று நான் வக்கீல் வேலை பார்த்தேன். இருக்கலாம்தான், ஆனால் ஊறுகாய்க்குப் போடும் பொடி மெக்கானிக்கின் கிருமிக்கு ஆஸ்பத்திரி மருந்தை அறிமுகப்படுத்தாது என்றார் அண்ணி. ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று ஊரெல்லாம் சத்தியம் செய்கிற பாட்டிலுக்குள் ஆன்டிபயாடிக் இருந்தது.

அண்ணன் காபியைக் கீழே வைத்தார். தனக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டார். ஒரு காபிக்கு ஒன்றும் ஆகாது, மாசக்கணக்கில் குடித்தவன் கால்தான் போகப்போகிறது என்று சொல்லிவிட்டு அண்ணி செருப்பை மாட்டினார். ஆன்டிபயாடிக் என்று மட்டும் போய்ச் சொன்னால் டாக்டருக்குப் பிரயோஜனம் இல்லை. எந்த மருந்து, எத்தனை மருந்து என்று தெரிய வேண்டும். அதைப் பரிசோதித்துச் சொல்ல எந்த லேபும் ஒரு வாரம் கேட்கும். எங்களுக்கு இருந்தது ஒரு பகல்.

"கோட்டுக்காரனைப் பிடிச்சு நாலு தட்டு தட்டினா சொல்லிடுவான் அண்ணி."

"அவன் குடிச்சானே தம்பி. நீ பாத்தல்ல? கோபுரத்துலேர்ந்து எடுத்து முழு பாட்டிலையும் குடிச்சான். தான் கலந்ததை எவன் அப்படிக் குடிப்பான்?"

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. விற்க வேண்டும் என்றால் அந்த ஆள் மண்ணெண்ணெயைக்கூடக் குடிப்பான். ஆனால் வண்டி பேராசிரியர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

பேராசிரியர் தானே வந்து கதவைத் திறந்தார். அலங்காரம் எதுவும் இல்லாத மனிதர். பழைய சட்டை, பொத்தானுக்கு வேறு நிற நூல். வீடு முழுக்கப் புத்தகம். தோட்டத்தின் கோடியில் அந்தப் பூட்டிய அறை தெரிந்தது. அவரைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒருவரின் முகத்தைச் சுவரில் ஒட்டி ஒரு கோட்டுக்காரன் பிழைக்கிறானே என்று மனசு கொதித்தது.

பத்திரிகைக்கு எழுத வந்திருப்பதாக அண்ணி சொன்னார். அவர் நம்பினார். குடிக்க ஏதாவது தருகிறேன் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சின்னக் குழந்தையின் கிறுக்கல் படங்கள் காந்தத்தில் ஒட்டியிருந்தன. உள்ளிருந்து லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்தார். அதன் மூடி சற்று உப்பியிருந்தது. திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறி, நுரை பொங்கி அவர் விரலில் வழிந்தது. சிரித்துக்கொண்டே துடைத்தார். உயிருள்ள பொருள் அப்படித்தான் மூச்சு விடும் என்றார்.

குடித்தேன். புளித்தது, நாக்கில் சுருக்கென்றது. அது நிஜமான சரக்கு என்று எனக்கே தெரிந்தது. பேராசிரியர் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவருடைய லேபில் இந்தக் கிருமி இரும்பின் மேல் இருந்த படலத்தை உண்மையாகவே கரைத்ததாம். மனிதர்கள் ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்கி, கிருமிகளுக்குப் போர்ப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது குரலில் வேதனை இருந்தது. கடையைப் பற்றிக் கேட்டதற்கு, மாப்பிள்ளைதான் வியாபாரம் பார்க்கிறார், எனக்கு அதெல்லாம் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவர் நல்லதைச் செய்து அனுப்புகிறார், வழியில் அந்தக் கோட்டு கலப்படம் செய்கிறான். அண்ணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. எழுந்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜில் இருந்த படங்களைப் பார்த்தார்.

"உங்க பேத்தி வரைஞ்சதா சார்? நேத்து கடையில பாத்தோம். கெட்டிக்காரப் பொண்ணு. எங்க கண்ணு முன்னாடியே ரெண்டு மூடி குடிச்சா, மூஞ்சியைக்கூடச் சுளிக்கல."

நான் திடுக்கிட்டேன். கடையில் எந்தக் குழந்தையும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்ததுதான் இந்த வழக்கில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

பேராசிரியரின் முகம் சட்டென்று மாறியது. "எதுலேர்ந்து குடிச்சா?" என்றார்.

"எதுலேர்ந்துன்னா?"

"நான் வீட்டுக்குக் குடுத்தனுப்பற பாட்டிலா, கடை பாட்டிலா? குழந்தைக்கு வீட்டு பாட்டில்தான் குடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். நல்லாப் பாத்தீங்களா, லேபிள் இருந்துதா?"

அண்ணி கைப்பையை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

தான் என்ன கேட்டுவிட்டோம் என்று பேராசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாக மேஜைமேல் இருந்த போனுக்குப் போனது. அண்ணி அதன்மேல் தன் கையை வைத்தார்.

"உங்க பாட்டிலைக் குடிச்ச ஒரு மெக்கானிக்கோட கால் நாளைக்குக் காலைல போகப்போகுது. உள்ள என்னென்ன போட்டீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் வீட்டுக்குப் பேசுங்க."

அவரிடமிருந்து வந்ததெல்லாம் அழுகை கலந்த விளக்கம். வெயிலில் பாட்டில்கள் உப்பினவாம், கடைகளில் மூடி தெறித்ததாம், ஒரு கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி உடைந்து மொத்தச் சரக்கும் திரும்பி வந்ததாம். வாழ்நாள் உழைப்பைப் பார்த்து ஊர் சிரித்ததாம். கெடாமல் இருக்கப் பொடி சேர்த்தால் அதிகாரிகள் சோதனையில் தெரிந்துவிடும். ஆனால் இயற்கைச் சொட்டு மருந்தில் ஆஸ்பத்திரி மருந்து இருக்கிறதா என்று யாரும் தேட மாட்டார்கள். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் பழைய மாணவன் ஒருவன், காலாவதியாகி எரிக்க வேண்டிய பெட்டிகளைக் கேட்டபோதெல்லாம் கொடுத்தான். அதைக் கலந்ததும் மூடிகள் அடங்கின.

மூடி தெறிக்கக் கூடாது என்பதற்காக, தான் கண்டுபிடித்த கிருமியைத் தானே கொன்று, பிணத்துக்கு லேபிள் ஒட்டி விற்றிருக்கிறார். அதைக் கொல்ல எடுத்துக்கொண்டது, உலகமே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் மருந்தை. நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன்கூட இவ்வளவு அற்பமான காரணத்துக்கு இவ்வளவு பெரிய பாவத்தைச் செய்ததில்லை. அந்தக் கோட்டுக்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவன் வெறும் முட்டாள், தான் விற்பதை நம்பிக் குடித்தவன்.

"கொஞ்சமாத்தாம்மா கலந்தேன்," என்றார் பேராசிரியர். "யாருக்கும் ஒண்ணும் ஆகாத அளவு."

"அதான் சார் தப்பு. நிறையப் போட்டிருந்தா கிருமி செத்திருக்கும். கொஞ்சமாப் போட்டு அதுக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க. ஒரு மருந்துதானா?"

ஒன்றில்லை. கொஞ்ச மாதம் கழித்து மூடிகள் மறுபடி உப்ப ஆரம்பித்தன. அவருடைய தொட்டியிலேயே கிருமிகள் முதல் மருந்தைப் பழகிக்கொண்டன. கண்ணெதிரே அதைப் பார்த்தார். படித்தவர், அதற்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பார்த்துவிட்டு இரண்டாவது மருந்தையும் சேர்த்தார்.

இரண்டு பெயர்களையும் வாங்கிக்கொண்டு அண்ணி அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். முதல் பெயருக்கு டாக்டர் ம் என்றார். இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டார்.

"அதை நம்பித்தான் கம்பியை உருவலாமான்னு காலைலேர்ந்து யோசிச்சுட்டிருந்தேன்," என்றார் டாக்டர். "உருவியிருந்தா ஆளே போயிருப்பான். சரி, வேற ஒரு பழைய மருந்து இருக்கு. கிட்னியைப் படுத்தும், ஆனா இந்தக் கிருமி அதைப் பாத்திருக்காது. காலை வெட்டலம்மா. கம்பியை எடுத்து, படலத்தைச் சுரண்டிக் கழுவிப் பாக்கறேன். கால் தங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

போதும் என்று சொல்லி அண்ணி போனை வைத்தார். அதற்குள் பேராசிரியர் பேத்திக்காகத் தவித்துப் போயிருந்தார். அண்ணி அவரைப் பார்த்து, குழந்தை கடைப் பக்கமே வரவில்லை, நான் சொன்னது பொய் என்றார்.

பேராசிரியர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். அப்பாடா என்றார். முகத்தில் ரத்தம் திரும்பியது. தண்ணீர் எடுத்துக் குடித்தார். வெட்டலாமா வேண்டாமா என்று டாக்டர் பேசியபோது வராத நிம்மதி இப்போது அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. அருவருப்பு என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஓங்கி ஒன்று விடலாம் என்று கை துறுதுறுத்தது.

அண்ணியின் போன் அடித்தது. தையல்கார அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து. பேராசிரியரையும் போய்ப் பார்ப்பதாக அண்ணி அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"ஐயா பக்கத்துல இருக்காரா அம்மா? ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. காலை எடுக்கப் போறாங்கன்னு நேத்துலேர்ந்து சொட்டு மருந்தை ரெண்டு மடங்கா குடுத்துட்டிருக்கேன். மத்தியான வேளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாமா?"

அண்ணி போனைப் பேராசிரியரின் பக்கம் நீட்டினார். அந்த ஆள் தலையை ஆட்டி மறுத்தார். அண்ணி கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் தையல்கார அம்மா ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா," என்றார் பேராசிரியர் கடைசியில். "இனிமே குடுக்காதீங்க. ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க."

"சரிங்க ஐயா. நீங்க சொன்னா அதுல காரணம் இருக்கும்."

என்ன காரணம் என்று தையல்கார அம்மா கேட்கவில்லை. போனை வைக்கும் வரை அந்த ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.